வெள்ளையடித்த கொத்தளம்

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அந்தக் கொத்தளத்தின் மேல் எரிச்சல் வந்துவிட்டது. விடிந்தும் விடியாமல் என் வீட்டுக்காரர் எழுந்து, முகம்கூடக் கழுவாமல், வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றின் மேல் ஏறிவிடுவார். உச்சியில் பாழடைந்து நின்ற பழைய காவல் கோபுரத்துக்குள் நுழைந்து, மேலே போய், நாலு பக்கமும் பார்ப்பார். பிறகு இறங்கி வந்து வாசலில் நின்றுகொண்டு, வீட்டைப் பார்த்து, "ஒண்ணுமில்ல" என்பார். அதற்கப்புறம்தான் பல் துலக்குவது, கூழ் குடிப்பது எல்லாம்.

நான் திருவண்ணாமலை டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் தேரடி வீதியில் தேங்காய்க் கடை. எட்டாவது வரை படித்துவிட்டு, வாய்த்துடுக்கு ஜாஸ்தி என்று பெயரும் வாங்கியிருந்த என்னை, கீழ்பென்னாத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன ஊரில் கொடுத்தார்கள். எனக்கு அந்த ஊரே ஒரு கிணறு மாதிரி இருந்தது. சுற்றிலும் பாறை, நடுவில் நாங்கள்.

"யாருங்க வரப் போறாங்க? நவாபு படையா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "எங்கப்பா பார்த்தாரு. அவங்கப்பா பார்த்தாரு. பார்க்காம வந்தா எனக்குச் சோறு எறங்காது" என்றார்.

விஷயம் இதுதான். என் மாமனார் வீட்டார் பரம்பரையாக அந்தக் கொத்தளத்துக் காவல்காரர்கள். குன்றின் அடியில் இருந்த எங்கள் நிலம் அந்தக் காவலுக்காக எப்போதோ ஒரு ராஜா விட்டது என்று சொல்லிக்கொள்வார்கள். ராஜாவும் போய், நவாபும் போய், வெள்ளைக்காரனும் போய்விட்டான். இவர்களிடம் யாரும் வந்து, காவல் முடிந்தது, இனி தூங்குங்கள் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குச் சம்பளமும் இல்லை, சாட்சியும் இல்லை.

என் எரிச்சல் அடங்கியது முதல் கார்த்திகைக்குத்தான். எங்கள் ஊருக்கும் அண்ணாமலைக்கும் நடுவில் அந்தக் குன்று மறைத்தது. அதனால் தீபத்தன்று சாயங்காலம் ஊரே கொத்தளத்தடிக்கு ஏறும். நானும் ஏறினேன். அருகில் போய்ப் பார்த்தது அன்றுதான். அடியில் பருத்து, மேலே போகப் போக ஒடுங்கி, நெல் கொட்டி வைக்கும் குதிர் போல வட்டமாக நின்றது. அடிப்பாதி பெரிய பெரிய கருங்கற்கள், காரையே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. மேல்பாதி செங்கல். குனிந்து நுழைகிற ஒரு வாசல், உள்ளே இருட்டில் சுவரோடு சுற்றி ஏறும் படி, அம்பு விடுவதற்கென்று வெளிப்பக்கம் ஒடுங்கிய துவாரங்கள். வடக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு உடைப்பு. பீரங்கிக் குண்டு பட்ட இடம் என்றார்கள். எங்கு பார்த்தாலும் ஆட்டுப் புழுக்கை, வௌவால் நாற்றம்.

இவர் என்னைக் கையைப் பிடித்து மேல்தளத்துக்கு அழைத்துப் போனார். அண்ணாமலை உச்சியில் தீபம் ஏறியது. கீழே டவுன் முழுக்க வெளிச்சம் புள்ளி புள்ளியாகப் பரவியது. அதில் எங்கோ ஒரு புள்ளி எங்கப்பா கடை. நான் அழுதுவிட்டேன். இவர், "தினமும் வேணும்னாலும் வந்து பாரு. கடை தெரியாது, கோபுரம் தெரியும்" என்றார். அன்றிலிருந்து நான் கொத்தளத்தைத் திட்டுவதை விட்டேன்.

கொஞ்ச நாளில் ஒரு வாத்தியார் எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்தார். டவுன் ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்துபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எங்கள் வாசலில் சாத்திவிட்டு இவரோடு மேலே ஏறுவார். கொத்தளத்து வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்லில் தேய்ந்துபோன எழுத்துகள் இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். எங்கள் வீட்டு ஆட்கள் பரம்பரை பரம்பரையாக அந்தக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் அது எழுத்து என்று தெரியாது. அவர் என்னிடம் கோலமாவு கேட்டு வாங்கி, கல்லின் மேல் தடவி, மேலாகத் துடைத்தார். பள்ளங்களில் மாவு தங்கி எழுத்து வெள்ளையாக எழுந்து நின்றது. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. வெள்ளை தடவினால் எழுத்து தெரியும் என்று அன்றைக்கு எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது.

அவர் படித்து, தனக்குத் தெரிந்த சரித்திரத்தையும் சேர்த்துச் சொன்னார். படைவீட்டைத் தலைநகராக வைத்துச் சம்புவராயர்கள் ஆண்ட காலத்தில் எழுப்பியது. கிழக்கே இருந்து படை வந்தால் முதலில் தெரிவது இங்கேதான். பகலில் புகை, ராத்திரியில் நெருப்பு. இங்கே புகை எழுந்தால் அண்ணாமலையில் கோயில் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். பிறகு விஜயநகரத்தார் வந்தார்கள், செஞ்சி நாயக்கர்கள் வந்தார்கள், நவாபுவின் ஆட்கள் மேலே ஒரு சின்ன பீரங்கியை ஏற்றி வைத்தார்கள். யார் பெயரில் ஆட்சி நடந்தாலும் மேலே நின்று கண் எரியப் பார்த்தவன் மட்டும் கீழே இருந்த குடும்பத்து ஆள். அந்தக் காவல்காரனுக்கும் அவன் வம்சத்துக்கும் குன்றடி நிலம் சந்திரனும் சூரியனும் உள்ளவரை உரியது என்றும், அதற்குத் தீங்கு நினைப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்றும் அந்தக் கல் சொல்லியது.

இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது, "நம்ம ஆளுங்களைப் பத்திக் கல்லுல எழுதியிருக்குது, பார்த்தியா" என்றார். கல்யாணமானபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை என்று நான் கேலி செய்தேன்.

அந்த நிலத்தில் அவர் கிணறு வெட்டினார். வானம் பார்த்த பூமியாகக் கிடந்த இடம். பாறையை உடைத்து, கையெல்லாம் கிழிந்து, என் கழுத்துச் சங்கிலியையும் விழுங்கிவிட்டு ஒருவழியாக ஊற்று கண் திறந்தது. அதில் கல்கண்டு போல ஒரு தண்ணீர். மணிலாக் கடலைக்கு அப்புறம் நெல் வைத்தோம். இனி மழையை நம்பி மூக்கால் அழ வேண்டாம் என்று நினைத்தோம். எங்கள் விஷயத்தில் சந்திரனும் சூரியனும் குவாரி லீஸ் வரும்வரைதான் இருந்தார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள் காலை இவர் மேலிருந்து இறங்கி வந்தவர் வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. "ரோட்டுலேர்ந்து ஒரு ஜீப்பு உள்ள திரும்புது" என்றார். குன்றைக் கல் உடைக்க ஏலம் விட்டிருந்தார்கள். எடுத்தவர் வேலூர்ப் பக்கத்துக் காண்டிராக்டர். குன்று புறம்போக்கு, எங்களைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அளந்து, சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கோடு எங்கள் கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் விழுந்தது. பாறையில் வெடி வைத்தால் கிணற்றின் ஊற்று என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாத்தியார் ஓடி வந்தார். "பயப்படாதீங்க. இது ரொம்பப் பழைய சின்னம்னு சர்க்கார் ஒத்துக்கிட்டா சுத்துப்பட்டுல எங்கயும் வெடி வைக்க முடியாது. கொத்தளம் நின்னா கிணறு நிக்கும்" என்றார். அவரே மெட்ராசுக்கு எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அந்த நேரம் பார்த்து வாத்தியாரின் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்தில் காலமாகிவிட்டார். "காரியம் முடிச்சிட்டு வந்துடறேன். அதிகாரி வந்தா அந்த எழுத்தைக் காட்டுங்க, அது போதும்" என்று இவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். போனவர் திரும்பவில்லை. அங்கேயே பக்கத்தில் மாற்றல் ஆகிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அதிகாரி வருகிறார் என்றதும் மணியக்காரர் ஊரைக் கூட்டினார். எங்கள் ஊர் மணியக்காரர் நல்ல மனுஷர். எல்லோருக்கும் முன்னால் நின்று செய்வார், தன் கைக்காசையும் போடுவார். அவர் மட்டும் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"மெட்ராசுலேர்ந்து அவ்ளோ பெரிய ஆளு வராரு. ஆட்டுப் புழுக்கையும் வௌவால் எச்சமுமா காமிக்கிறதா?" என்றார் அவர். "பொண்ணு பார்க்க வராங்கன்னா, தலையை வாராம, அழுக்குச் சீலையோடயா கொண்டாந்து நிறுத்துவோம்?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? எங்கள் பக்கத்தில் ஒரு இடத்துக்கு மரியாதை செய்வதென்றால் வெள்ளையடித்துக் காவிப் பட்டை போடுவதுதான். கோயில் மதிலுக்கு அதைத்தான் செய்கிறார்கள், குளத்துப் படிக்கட்டுக்கும் அதைத்தான் செய்கிறார்கள். திருவிழாவுக்குத் திருவிழா அண்ணாமலையார் கோயில் சுவரில் வெள்ளையும் காவியும் ஏறி ஏறிக் கல்லே தெரியாமல் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். பழசு என்றால் சுண்ணாம்பு அடிக்கக்கூடாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ஊரே வேலை செய்தது. மணியக்காரர் வண்டி நிறையச் சுண்ணாம்பு இறக்கினார். மழைக்குப் போகாமல் நிற்க வேண்டும் என்று வஜ்ரப் பசையைக் காய்ச்சித் தன் கையாலேயே கலந்தார். பெண்கள் நாங்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஏறினோம். ஆண்கள் புழுக்கையைப் பெருக்கி, சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றுகளைப் பிடுங்கி, பீரங்கி உடைத்த பொத்தலைப் புதுச் செங்கல் வைத்து அடைத்து, சிமெண்ட் பூசினார்கள். அப்புறம் மேலிருந்து கீழ்வரை வெள்ளை. அதன் மேல் செங்காவிப் பட்டை. எழுத்து இருந்த கல்லுக்கு மட்டும் விசேஷ கவனிப்பு. வெள்ளை தடவினால்தான் எழுத்து தெரியும் என்று வாத்தியாரே காட்டியிருக்கிறாரே! அதனால் அந்தக் கல்லுக்கு ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகப் பூச்சுப் பூசினார்கள். காய்ந்த பிறகு எழுத்து தெரியவில்லை. "வெயில் ஏறட்டும், தெரியும்" என்றார் ஒருத்தர். வாசலுக்கு மாவிலை கட்டி, கல்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கீழே இருந்து பார்த்தால் புதுசாகக் கட்டின கோயில் போலப் பளிச்சென்று இருந்தது. இவர் இறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

அதிகாரி வந்தார். எந்த ஆபீஸ் அதிகாரி என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். மூச்சு வாங்க மேலே ஏறினவர் கொத்தளத்துக்கு முன்னால் நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன கோயில் இது?"

"கோயில் இல்லீங்கய்யா, கொத்தளம். ரொம்ப பழசு" என்றார் மணியக்காரர்.

"பழசா?" அவர் பொத்தலை அடைத்திருந்த சிமெண்டை விரலால் தட்டிப் பார்த்தார். "குவாரி ஏலம் எப்ப விட்டாங்க?"

சொன்னார்கள்.

"ஏலம் விட்டப்புறம் எழும்பின கோயில் நான் நிறையப் பார்த்திருக்கேன்" என்றார்.

இவர் முன்னால் போனார். அவருக்குப் பெரிய மனுஷர்களோடு பேசி வழக்கமில்லை, வார்த்தை திக்கியது. "எழுத்து இருக்குதுங்க சார். கல்லுல. எங்க ஆளுங்களைப் பத்தி எழுதியிருக்குது. இங்கதாங்க."

"எங்கே?"

வெள்ளையைக் காட்டினார். வெள்ளையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. இவர் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். அதிகாரி சிரித்தார். "இரும்பால கீறினா எழுத்து வரத்தான்யா செய்யும். நான் பார்க்கறப்பவே கீறறியே" என்றார். கூட வந்த டவாலி சேவகனும் சிரித்தான். இவர் கை அப்படியே நின்றுவிட்டது.

நான் பெண்களோடு பின்னால் நின்றிருந்தேன். என் வாய்க்கு ஊரில் எல்லோரும் பயப்படுவார்கள். அன்றைக்கு அந்த வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். அந்த அதிகாரி மாலையைக் கழற்றிச் சேவகனிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அதற்கப்புறம் இவர் தனியாக ஏறி அந்தக் கல்லைச் சுரண்டிப் பார்த்தார். வஜ்ரம் கலந்த சுண்ணாம்பு கல்லோடு கல்லாக இறுகியிருந்தது. கத்தி பட்ட இடத்தில் கல்லும் சேர்ந்து பெயர்ந்தது. "எழுத்தும் கூடவே போவுது. வேணாம்" என்று விட்டுவிட்டார். மழைக்காலம் வந்தது, போனது. மணியக்காரரின் பூச்சு ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. கொத்தளம் அவ்வளவு அழகாக என்றைக்கும் இருந்ததில்லை.

தை பிறந்ததும் வெடி வைத்தார்கள்.

சிவப்புத் துணியை ஆட்டி ஒருவன் கத்துவான். நாங்கள் வீட்டுக்குள் ஓடி ஒடுங்குவோம். தரை குலுங்கும், ஓடு உடைந்து விழும், அப்புறம் நெடுநேரம் புழுதி இறங்கிக்கொண்டே இருக்கும். சோற்றில் புழுதி, தண்ணீரில் புழுதி. கீழ்ப்புறத்திலிருந்து தின்றுகொண்டே மேலே போனார்கள். ஒருநாள் மத்தியானம் கொத்தளம் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சாய்ந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். எத்தனை படையைப் பார்த்ததோ, அதற்கு எதிராகப் படை எதுவும் வரவில்லை. ஒரு லாரியும் நாலைந்து கூலிக்காரர்களும் போதுமாக இருந்தது. கூலிக்காரர்களில் இரண்டு பேர் எங்கள் ஊர்க்காரர்கள், சுண்ணாம்பு அடித்தவர்கள். அவர்கள் என்ன செய்வார்கள், வயிறு இருக்கிறதே.

அந்தக் கற்களும் ஜல்லியாயின. கீழ்பென்னாத்தூர் ரோட்டோரம் குவித்திருந்த ஜல்லியில், ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்த துண்டுகள் ரொம்ப நாளைக்குக் கிடந்தன. பஸ்ஸில் போகும்போது இவர் அந்தப் பக்கம் உட்கார மாட்டார்.

கிணறு அந்தக் கோடையிலேயே போய்விட்டது. வற்றவில்லை, போய்விட்டது. ஒரு வெடிக்குப் பிறகு போய்ப் பார்த்தால் பாறையில் கீறல் ஓடியிருந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கியதோ, ஈரம்தான் மிச்சம். இவர் உள்ளே இறங்கி, அந்தக் கீறலில் களிமண்ணை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். நான் மேலே நின்று, "ஏறி வாங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது. அந்த வருஷக் கார்த்திகைக்குக் குன்று பாதி இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்தே தீபம் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "ஏறாமலே தரிசனம் கெடச்சிடுச்சே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நிலத்தைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு டவுனுக்கு வந்தோம். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரே அறை. இவர் மணிலா மண்டியில் மூட்டை தூக்கினார், நான் பூக் கட்டினேன். அவர் அதிகாலையில் எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பார். ஏறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சில நாள் அந்தப் பாழாய்ப்போன "ஒண்ணுமில்ல" என்ற ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க மாட்டோமா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும். கேட்டதே இல்லை.

பத்து வருஷம் ஓடியிருக்கும். ஒரு சின்னப் பையன் மாதிரி இருந்த புது அதிகாரி ஒருத்தர் எங்களைத் தேடிக்கொண்டு சந்துக்கு வந்தார். பழைய கல்வெட்டுகளைப் படிப்பது அவர் வேலை. அந்த வாத்தியார் எப்போதோ எழுதிய மனு ஏதோ ஒரு பழைய காகிதக் கட்டுக்குள்ளிருந்து கிடைத்ததாம். ஊரில் விசாரித்ததில் இவரைக் கைகாட்டியிருக்கிறார்கள். கூட நானும் போனேன். இவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை.

குன்று இருந்த இடத்தில் பெரிய பள்ளம். அடியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பள்ளத்தின் விளிம்பில் நின்று அந்தப் பிள்ளை, "கொத்தளம் எந்த இடத்துலங்க இருந்தது?" என்று கேட்டார்.

இவர் கையைத் தூக்கி ஆகாயத்தைக் காட்டினார். "அதோ, அங்க. இன்னும் கொஞ்சம் மேல. வாசல் இந்தப் பக்கம். உள்ள பூந்தா படி வலதுகைப் பக்கமா ஏறும். எழுத்துக் கல்லு வாசலுக்குப் பக்கத்துல, தோ, இந்த ஒசரம்." வெறும் காற்றில் கையை வைத்து வைத்துக் காட்டினார். ஒரு காக்கை அந்த வாசல் வழியாகப் பறந்து போயிற்று. அந்தப் பிள்ளை அவர் காட்டிய இடத்தையெல்லாம் மரியாதையாக அண்ணாந்து பார்த்தார்.

அப்புறம் நடந்ததைக் கேட்டார். இவர் வெள்ளையடித்ததைச் சொன்னார், மூன்று பூச்சுப் பூசியதைச் சொன்னார், கத்தியால் கீறியதையும் சொன்னார்.

"அடடா" என்றார் அந்தப் பிள்ளை. "அது ஒண்ணுமே இல்லீங்களே. நாங்க படிக்கிற எழுத்துல பாதி சுண்ணாம்புக்குள்ள இருந்து எடுக்கறதுதான். உங்க அண்ணாமலையார் கோயில்லயே அப்படித்தான் எடுத்திருக்காங்க. ஈரச் சாக்கைப் போர்த்தி ராத்திரி விட்டுட்டு, காலையில தேங்கா நாரால தேய்ச்சா பட்டை பட்டையா உரிஞ்சு வந்துடும். சுண்ணாம்புக்குள்ள எழுத்து இன்னும் பத்திரமாவே இருக்கும். யாருமே சொல்லலீங்களா?"

"இல்லீங்க" என்றார் இவர். "அப்பிடீங்களா" என்றார். சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டவர் மாதிரித்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு ஈரச் சாக்கு. ஒரு கை தேங்காய் நார். தேங்காய்க் கடைக்காரன் பெண் நான்.

அந்தப் பிள்ளை எதையோ குறித்துக்கொண்டு, இன்னொரு ஊர் போக வேண்டும் என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் பஸ்ஸுக்காக ஊர் வழியாக நடந்தோம். மணியக்காரர் வாசலில் கட்டிலில் படுத்திருந்தார். கண் பார்வை மங்கிப் போயிருந்தது. குரலை வைத்து எங்களை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து உட்கார்ந்து இவர் கையைத் தேடிப் பிடித்தார்.

"இன்னா சொன்னாரு புதுசா வந்தவரு? நான் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னதாலதான் போச்சா? எனக்கு ராத்திரியில தூக்கமே வர்றதில்ல. இத்தினி வருசமா அதே நெனப்பு. மறைக்காம சொல்லு."

இவர் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அதெல்லாம் இல்லீங்க. எப்பிடியும் போயிருக்கும்னு சொல்லிட்டாரு. எழுத்து இருந்தாலும் இல்லாட்டியும் லீஸ் குடுத்தது குடுத்ததுதானாம். நம்ம மேல ஒரு தப்பும் இல்லையாம்."

கிழவர் அழுதார். "அப்பிடிச் சொன்னாரா? அவரு வாயாலயே சொன்னாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இவர் ஒவ்வொரு தடவையும் ஆமாங்க, ஆமாங்க என்றார். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். இவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். டவுன் வரும்வரை எடுக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. அவர் தோளைத் தொட்டு, "விடுங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. எப்பிடியும் போயிருக்கும்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"இப்பத்தான நான் அவருகிட்ட அதைச் சொன்னேன்" என்றார். "அதையே எனக்குச் சொல்றியா?"